திவாலானவரின் சகலை

சகலை மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று மனைவி வந்து சொன்னபோது பூட்டுக்காரருக்கு நன்றாகப் பசித்தது. மூன்று நாளாக வயிறு மந்தம் என்று பாதியில் எழுந்துகொண்டிருந்தவர், அன்று மதியம் தட்டை வழித்துச் சாப்பிட்டார். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் போடு" என்று அவர் சொன்னதும் கரண்டியோடு நின்று அவரையே பார்த்தாள்.

"என்ன பாக்கறே? துக்கம்னா சாப்பிடக் கூடாதா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"எவ்வளவாம்?"

"ரெண்டரைக் கோடியாம். தங்கச்சி போன்ல சொல்ல முடியாம அழறா. இருக்கிறது எல்லாத்தையும் வித்தாலும் பாதிக்கு மேல கட்ட முடியாதாம். இவரே கோர்ட்டுல போய் என்னால முடியலைன்னு எழுதிக் குடுத்துட்டாராம்."

"அடப் பாவமே" என்றார் பூட்டுக்காரர். வாய் அதைச் சொல்லிற்று. உள்ளுக்குள் பதினெட்டு வருஷமாகக் கனன்றுகொண்டிருந்த ஏதோ ஒன்றின் மேல் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது.

கடைத்தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டடம். அதன் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் முக்கோணமான இடம்தான் அவர் கடை. உள்ளே அவர் உட்கார்ந்தால் வந்தவர் வெளியேதான் நிற்க வேண்டும். யாராவது மாடிக்கு ஓடினால் தலைக்கு மேலே தடதடவென்று சத்தம் வரும். சாவி வெட்டும் சின்ன இயந்திரம், நாலு அரம், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், சட்டை மடிப்பில் எப்போதும் பித்தளைத் தூள். இருபத்தொரு வருஷமாக இதுதான். வாடகை ஒன்றாம் தேதி காலையில் போய்விடும். கடன் சொல்லி அவர் ஒரு டீ கூடக் குடித்ததில்லை.

ஒரே ஒரு தடவை, விஷக்காய்ச்சலில் படுத்திருந்தபோது, வாடகை நாலு நாள் தள்ளிப்போனது. எழுந்து வந்து பார்த்தால் கட்டட முதலாளியின் கணக்கர் கடைக்கு வேறு பூட்டுப் போட்டிருந்தார். சாதாரணப் பூட்டு. அவர் நினைத்திருந்தால் ஒரு கம்பியை வைத்து அரை நிமிஷத்தில் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. படியேறுகிறவர்கள் எல்லாம் "என்னய்யா, பூட்டுக்காரன் கடைக்கே பூட்டா?" என்று சிரித்துக்கொண்டு போக, மனைவியின் தோட்டை விற்றுப் பணத்தோடு வந்து, கணக்கர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியாவது ஒன்றாம் தேதியைத் தவறவிட்டதில்லை.

அவர் மூத்த மாப்பிள்ளை. அவருக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவர் சகலை. அப்போது வாடகை வேனில் டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வீடு கட்டும் இடமாகத் தேடித் திரிந்துகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேன் சொந்தமானது. பிறகு கடை. அப்புறம் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெரிய கடை. குழாய், வாஷ்பேசின், தொட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மாமனார் உயிரோடு இருந்தவரைக்கும், மூத்த மாப்பிள்ளை வந்தால் "வாங்க" என்பார். இளைய மாப்பிள்ளை வந்தால் எழுந்து நின்று "வாங்க" என்பார். அந்த ஒரு எழுந்திருத்தலைப் பூட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை.

சகலை திமிர் பிடித்த ஆளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். மனதாரத் திட்டித் தீர்த்திருக்கலாம். அவரோ வாய் நிறைய "அண்ணே" என்பார். விசேஷ வீட்டில் தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்து உட்கார வைப்பார். "எங்க அண்ணன் கை வைக்காத பூட்டே இந்த ஊர்ல இல்ல" என்று ஊராரிடம் பெருமையடிப்பார். வருஷத்துக்கு ஒரு முறை தன் மகள் போட்டு அளவு பற்றாமல் போன துணிகளைத் துவைத்து, தேய்த்து, புதுப் பையில் வைத்துக் கொடுத்தனுப்புவார். பூட்டுக்காரரின் மகள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி வருவாள். அவர் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு கிழிசல் தேடுவார். ஒரு தடவையும் கிடைத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வங்கிக்குப் போயிருந்தார். புதுக் கார்களுக்குச் சாவி செய்ய ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வந்திருந்தது. அது இருந்தால் மாடிப்படிக்குக் கீழேயிருந்து வெளியே வந்துவிடலாம். வங்கியில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "இதுக்கு முன்னாடி எங்கயாவது கடன் வாங்கியிருக்கீங்களா?" என்றாள். "ஒரு காசு வாங்கினதில்லம்மா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "அப்ப நீங்க திருப்பிக் கட்டற ஆளா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அதே வங்கியின் மேலாளர், சகலையின் கடைக்கு அவரே நேரில் வந்து, கடனை இன்னும் கொஞ்சம் கூட்டித் தரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டார். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை துக்கம் விசாரிக்கப் போவதுபோல் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று பூட்டுக்காரர் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். 'மனசை விட்டுடாதீங்க சகலை. கை, கால் இருக்கு. பிழைச்சுக்கலாம்.' இதைச் சொல்லும்போது தோளில் கை போட வேண்டும். இதுவரை அவர் தோளில் சகலைதான் கை போட்டிருக்கிறார்.

போய் இறங்கினால் வாசலில் கார் நின்றது. அப்போதுதான் கழுவியிருந்தார்கள். சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டைல்ஸ் ஒட்டும் பசை சப்ளை செய்கிறவர்; மற்றொருவர் லாரிக்காரர்; மூன்றாமவர் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள். மூவருமே சகலைக்குக் கடன் கொடுத்தவர்கள். சட்டையைப் பிடித்து உலுக்கப்போகிறார்கள் என்று பூட்டுக்காரர் ஓரமாக நின்றார். பசைக்காரர் எழுந்து சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பைப் பாத்துக்கங்க சார். நேரத்துக்குச் சாப்பிடுங்க. நீங்க நல்லா இருந்தாத்தானே எங்களுக்கு நாலு காசு வரும்?"

"ஆமா சார்" என்றார் லாரிக்காரர். "டென்ஷன் ஆகாதீங்க. பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"

பூட்டுக்காரருக்குக் காதில் புகை வந்தது. நாலு நாள் வாடகை தவறியதற்குத் தன் கடைக்குப் பூட்டுப் போட்ட ஊரா இது? இவர் கோடிக்கணக்கில் தவறியதற்கு மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார்கள்.

கொழுந்தியா அக்காவைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். "எல்லாம் போச்சு மாமா" என்று அவர் பக்கம் திரும்பினாள். "நாங்க பிச்சைக்காரங்களாயிட்டோம்."

அவள் தலைக்கு மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் வெட்டிய பழம் இருந்தது. உள்ளறையில் மகளுக்குக் கணக்கு வாத்தியார் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். கை கழுவுகிறேன் என்று பூட்டுக்காரர் எழுந்து போனார். அந்த வீட்டில் மூன்று குளியலறைகள். நடு குளியலறையில் குழாயைத் திறந்தார். வெந்நீர் வந்தது. தேவையில்லாமல் ரொம்ப நேரம் கை கழுவினார்.

சகலைக்கு நாலு நாள் தாடி. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒவ்வொரு தடவை போன் உறுமும்போதும் யாரோ முதுகில் தட்டியதுபோல் தோள் துள்ளியது. ஹோட்டல் ஒன்று கட்டினவன் மொத்தமாகச் சரக்கு வாங்கிவிட்டுப் பாதியிலேயே ஓடிப்போனதையும், அந்தப் பள்ளத்தை அடைக்கக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியதையும் கொழுந்தியாதான் சொன்னாள். பூட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். சகலையின் துள்ளும் தோளைப் பார்க்கவும் செய்தார். ஆனால் கண் என்னவோ அந்தப் பழத்தட்டுக்கே போனது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் மனைவியிடம் சொன்னார்: "திவால்னா இதுதான்னா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

"வாயைக் கழுவுங்க."

"கழுவிட்டுத்தான் வந்தேன். வெந்நீர்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விழுகிறவன் தரையில் விழ வேண்டும், அதுதானே முறை? இவன் விழுந்ததும் மெத்தையில்தான் என்று அவர் வீடு வரைக்கும் பொருமினார். வந்த பசி அன்றோடு போய்விட்டது.

அடுத்த வாரம் காலை பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். ஒல்லியான உருவம், கழுத்துக் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் தடித்த ஃபைல். கோர்ட்டில் நியமித்த பொறுப்பு அதிகாரி. திவாலானவர்களின் சொத்தை எடுத்து, விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரித்துத் தருவது அவர் வேலை. ஒரு டைல்ஸ் கடைக்கும் அதன் கிடங்குக்கும் இன்றைக்கே எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்றார். விலாசத்தைப் படித்ததும் பூட்டுக்காரர் சொன்னார்:

"அம்மா, இது என் சகலை கடைங்க."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கடையில உங்களுக்குப் பங்கு இருக்கா?"

"இல்லைங்க."

"அவருக்குக் கடன் குடுத்திருக்கீங்களா?"

"நானா? இல்லைங்க."

"அவர்கிட்ட வாங்கியிருக்கீங்களா?"

"யார்கிட்டயும் வாங்கினதில்லைங்க."

"அப்ப ஒண்ணுமில்ல. கிளம்புங்க" என்றார் அந்த அம்மாள். பூட்டுக்காரருக்கு அந்த 'ஒண்ணுமில்ல' சுருக்கென்று தைத்தது. சகலையின் பெரிய லாபத்தில்தான் தனக்கு இலை போடவில்லை என்றால், அவருடைய பெரிய நஷ்டத்திலும் தனக்கு இலை இல்லை.

கண்ணாடிக் கதவின் கீழ்ப்பூட்டு, இரண்டு ஷட்டர், கிடங்கின் இரும்புக் கதவு. மதியம் மூன்று மணிவரை வேலை இருந்தது. அதிகாரி ஒரு கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்து கடன் கொடுத்தவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று பேர். திருகாணியை முடுக்கிக்கொண்டே பூட்டுக்காரர் பேச்சைக் கொடுத்தார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த ஆளு இன்னமும் கார்லதான் போறாரு. ஏ.சி. ஓடுது. பழம் சாப்பிடறாரு. இதெப்படி திவால்?"

"காரும் ஏ.சி.யும் என் லிஸ்ட்ல இருக்கு. வீடும் இருக்கு. நேரம் வரும்போது எடுத்துக்குவோம்" என்றார் அவர் தலை நிமிராமல். "வச்சிருக்கிறதெல்லாம் வித்தாலும் குடுக்க வேண்டியதுக்குப் பத்தலைன்னா திவால். அவ்வளவுதான். காலையில என்ன சாப்பிட்டாருன்னு சட்டம் கேக்கறதில்ல."

"அப்ப நான் யாருங்க?"

அதிகாரி நிமிர்ந்தார். "உங்களுக்குக் கடன் எவ்வளவு?"

"ஒரு காசு இல்ல."

"சொத்து?"

பூட்டுக்காரர் பக்கத்தில் இருந்த கருவிப் பையைக் காட்டினார்.

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். கேலியாக இல்லை, கொஞ்சம் சங்கடத்தோடுதான். "அப்ப உங்களை என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உங்களைப் பத்தி என் புஸ்தகத்துல ஒரு வரி கூட இல்ல."

வேலை முடிந்ததும் புதுச் சாவிகளை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். வேறு சாவி எதுவும் தன்னிடம் இல்லை என்று பூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அதிகாரி கூலியை அங்கேயே கொடுத்துவிட்டார். சகலையின் கதவை அடைத்ததற்குச் சகலையின் பணத்திலிருந்தே கூலி. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் பட்டியலையே நினைத்துக்கொண்டு வந்தார். அறுபத்து மூன்று பேர் அந்த மனுஷனை நம்பியிருக்கிறார்கள். தன்னை நம்பி யாராவது பத்து நாளைக்கு ஒரு ஐந்நூறு விட்டுவைப்பார்களா? திவாலாகக்கூட ஒரு தகுதி வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணியபோது அவருக்குச் சகலை மேல் இருந்த எரிச்சல் இன்னும் ஒரு மடங்கு ஏறியது.

மூன்றாம் நாள் பிற்பகல், கடைத்தெரு தூங்கி வழியும் நேரத்தில், சகலையே வந்து நின்றார். காரை எங்கோ தள்ளி விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மாடிப்படிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார இடமில்லாமல் மாடிப்படியின் முதல் படியிலேயே உட்கார்ந்தார். சட்டை காலர் அழுக்காக இருந்தது.

"அண்ணே, ஒரு உதவி."

"சொல்லுங்க சகலை."

"கிடங்குல கடைசி லாரியில வந்த குழாய் பெட்டி நாப்பது இருக்கு. வெளிநாட்டுச் சரக்கு. இன்னும் கணக்குல ஏறலை. அந்தம்மா லிஸ்ட்லயும் இல்ல. எடுத்தா யாருக்கும் தெரியாது. வாங்கிக்க ஆளும் ரெடி." குரலைத் தாழ்த்தினார். "ஒரு சாவி மட்டும் வேணும்ணே."

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"பாதி உங்களுக்கு. கார் சாவி மெஷின் வாங்கணும்னு ஆசைப்பட்டீங்கல்ல? வாங்கிடலாம்ணே. எனக்குப் பாதி போதும். அதை வச்சு வேற பேர்ல சின்னதா ஒரு கடை போட்டுட்டேன்னா ரெண்டு வருஷத்துல எந்திரிச்சிருவேன். எனக்குத் தொழில் தெரியும். உங்களுக்கே தெரியும்ல?"

தெரியும். அந்தக் கிடங்குச் சாவியின் ஐந்து வெட்டும் பூட்டுக்காரருக்கு மனப்பாடம். ஆழம், ஆழம், மேடு, ஆழம், மேடு. இயந்திரம்கூட வேண்டாம், அரத்தாலேயே பத்து நிமிஷத்தில் இழைத்துவிடுவார்.

சகலையின் கண் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கண்ணை இவ்வளவு தாழ்வான இடத்தில் அவர் பார்த்ததில்லை. அது அவருக்கு இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

துடைக்கும்போதே எல்லாம் கண்முன் ஓடியது. நாற்பது பெட்டி. சின்னக் கடை. பிறகு பெரிய கடை. மறுபடியும் முழுக்கக் கண்ணாடி. மறுபடியும் கழுவின கார். தான் இங்கேயே, இதே படிக்குக் கீழே, சகலை தயவில் வந்த மெஷினைத் துடைத்துக்கொண்டு. 'எங்க அண்ணனுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன்' என்று அவர் நாலு பேரிடம் பாசத்தோடு சொல்வதுவரைக்கும் காதில் கேட்டுவிட்டது.

"முடியாது சகலை" என்றார்.

"அண்ணே…"

"கையெழுத்துப் போட்டிருக்கேன். முடியாது."

சகலை எட்டி, பித்தளைத் தூள் படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் கேட்டிருக்கவே கூடாதுண்ணே. கழுத்து வரைக்கும் வந்ததும் புத்தி கெட்டுப்போச்சு. நீங்க இல்லன்னா நான் திருடனாயிருப்பேன். அந்த நாப்பது பெட்டியையும் நானே போய்ச் சொல்லிடறேன்."

சொல்லவும் செய்தார். அதோடு விடாமல் வீட்டிலும் சொல்லி, கொழுந்தியா அக்காவுக்குப் போன் போட்டு, விஷயம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பரவிவிட்டது. "பாதி தரேன்னு சொல்லியும் அந்த மனுஷன் அசையலையாமே" என்றார்கள். அதிகாரி அம்மாள்கூட அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்று தலையசைத்துவிட்டுப் போனார். மனைவி அன்று அவருக்கு முன்னால் தட்டை வைத்த விதமே வேறாக இருந்தது. மகள் தோழிகளிடம் சொல்லியிருந்தாள். பூட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் ஒரு வாரம் கழித்தார். பாராட்டக் கேட்கும்போதெல்லாம் யாரோ தனக்கு அளவு பொருந்தாத சட்டையை மாட்டிவிட்டதுபோல் உடம்பு கூசியது.

எட்டு மாதம் ஓடியது. கடைச் சரக்கு ஏலம் போனது. கார் போனது. வீடு போனது, மூன்று குளியலறையும் அதோடு போனது. கடன் கொடுத்தவர்களுக்கு நூற்றுக்கு நாற்பது கிடைத்தது. மிச்சத்தை இனி யாரும் கேட்கக் கூடாது என்று கோர்ட் எழுதிக் கொடுத்து சகலையை விடுவித்துவிட்டது. சாமான்களை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அதே மாடியில் இருந்த ஒற்றை அறையில் மூன்று பேரும் இரண்டு மாதம் தங்கினார்கள். சகலை வேறொருவர் டைல்ஸ் கடையில் வீடு வீடாகப் போய்த் தரை அளந்துவரும் வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம்.

ஒரு மாலை அவரும் கொழுந்தியாவும் பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். பஸ்ஸில்தான். அடுத்த தெருவில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை காலியாக இருந்தது. வீட்டுக்காரம்மா ரிட்டயரான நர்ஸ். திவால் விஷயம் காதுக்குப் போயிருந்ததால், வாடகைக்கு யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் யாரிடமும் கடன் இல்லாத ஆளாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். சகலைக்குத் தெரிந்தவர்களில் கடன் இல்லாத ஆள் ஒருவர்தான்.

பூட்டுக்காரர் பத்திரத்தைப் படிப்பதுபோல் வைத்துக்கொண்டு சகலையைப் பார்த்தார். ஆள் இளைத்திருந்தார். செருப்பு தேய்ந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கொடுத்ததையெல்லாம் ருசித்துச் சாப்பிட்டார். பூட்டுக்காரரின் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார்.

"வேடிக்கையைப் பாருங்கண்ணே" என்றார். "அன்னிக்குக் கார்ல போனப்ப நான் ரெண்டரைக் கோடிக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளு. இன்னிக்கு பஸ்ஸுக்குச் சில்லறை தேடறேன், ஆனா ஒருத்தனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. படுத்தா தூக்கம் வந்துடுது. சனிக்கிழமை சம்பளம், வெள்ளிக்கிழமை பாக்கெட்டுல ஒண்ணும் இருக்காது. அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு?"

இதுல என்ன இருக்கு! பூட்டுக்காரருக்கு மண்டை சுர்ரென்றது. இருபத்தொரு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடந்து வருகிறவர் அவர். இந்த ஆள் இரண்டு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டு, சிரித்துக்கொண்டே செய்கிறான். ஏழையாக இருப்பதிலும் தன்னை முந்திவிட்டான்.

"கொஞ்சம் யோசிக்கறேன்" என்று பேனாவை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். பின்னாலேயே மனைவி வந்தாள்.

"என்ன யோசனை? அவங்க முகத்தைப் பாத்தீங்களா?"

அவர் தண்ணீர்த் தொட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இவளிடமும் சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

"அன்னிக்கு நான் சாவி குடுக்காதது நேர்மையால இல்ல."

அவர் தொட்டி விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

"குடுத்தா அவன் மறுபடி எந்திரிச்சிருவான்னுதான் குடுக்கலை. எல்லாரும் என்னைத் தூக்கி வச்சு ஆடறீங்க. எனக்கு அது வயித்தெரிச்சல். வெறும் வயித்தெரிச்சல். இப்பவும் அதுதான்."

"தெரியும்" என்றாள் மனைவி.

"எப்படித் தெரியும்?"

"உங்க கூடத்தானே குடியிருக்கேன்." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். குரல் தணிந்தது. "அவ வீடு ஏலம் போன அன்னிக்கு நான் அழுதேனே, அதுல பாதிதான் நிஜம். மீதிப் பாதி என்னன்னு என்னைக் கேக்காதீங்க. கூடப் பொறந்தவங்க. அவளுக்கு மூணு குளியலறை, எனக்கு வாளி. எனக்கு மட்டும் மனசு கல்லா?"

பூட்டுக்காரர் அவளையே பார்த்தார். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் தான் ஒருவன்தான் புழுங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி, இப்ப என்ன பண்ண?" என்றார்.

"எரியறது எரியட்டும். கையெழுத்தைப் போடுங்க. ஒற்றை அறையில வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு இருக்கா அவ."

"நாளைக்கு அவன் கட்டலைன்னா நான்தான் கட்டணும். தெரியுமில்ல?"

"தெரியும். எங்கிட்ட இன்னும் வளையல் ஒண்ணு இருக்கு."

உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் தர வேண்டிய பணத்துக்குத் தான் பொறுப்பு என்று அவர் வாழ்க்கையில் எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கொழுந்தியா காலில் விழ வந்தாள். "ஐயோ, அதெல்லாம் வேணாம்மா" என்று பதறிப் பின்வாங்கினார். சகலை தோளில் கை போடவில்லை. பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம், இரண்டாம் தேதியானால் பூட்டுக்காரர் கடையிலிருந்து திரும்பும் வழியில் அந்த நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்று கேட்பார்: "வாடகை வந்துச்சாம்மா?"

"நேத்து காலையிலயே குடுத்துட்டாரே" என்பார் அந்த அம்மா.

கேட்டதும் பெரிய பாரம் இறங்கும். கூடவே உள்ளே எங்கோ ஒரு மூலையில், ஊசி முனையளவுக்கு, ஒரு ஏமாற்றமும் எட்டிப் பார்க்கும். அதை அவர் கவனிக்காமல் இல்லை. நான்காம் மாதம் மனைவியிடம் வந்து அதைச் சொல்லிக்கூட விட்டார். "எனக்கும்தான்" என்றாள் அவள். பிறகு, தங்கைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போக வேண்டும், அடுக்குப் பாத்திரத்தை எடுத்துக் கொடுங்கள் என்றாள். அவர் எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மூன்று மாடி ஏற அவளுக்கு மூச்சு வாங்கும் என்பதால் தானே தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தார்.